சுவருக்குள்ளிருந்து தட்டியவள்

1935ஆம் வருடத் தொடக்கம். மலேரியாக் காய்ச்சல் கண்டிப் பக்கத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த நேரம். கட்டுகஸ்தோட்டைக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தை மூடி, பிள்ளைகள் உட்காரும் வாங்குகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, தற்காலிகக் காய்ச்சல் ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுப்பது, துணி மாற்றுவது, கொயினா மாத்திரையை விழுங்க வைப்பது, இதுதான் அங்கே என் வேலை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், நான் இத்தாலியில் இருந்துவிட்டு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு அந்தப் பாஷை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்த என்னைத் துரை பங்களாவில் ஆயாவாக எடுத்தார்கள். துரையின் மனைவி துரைசாணிக்குப் படம் வரைவதென்றால் பைத்தியம். இத்தாலிக்குப் போய் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பல வருடமாகத் துரையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இருபது வயதானபோது துரை சம்மதித்துவிட்டார். துரைசாணி, அவருடைய மூன்று வயது மகள், நான், மூவரும் கொழும்பில் கப்பலேறினோம். புளோரன்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டின் மூன்றாவது மாடியில் ஒரு வருடமும் எட்டு மாதமும் இருந்தோம்.

துரைசாணி காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படம் வரையப் படிக்கப் போய்விடுவார். பிள்ளைக்குப் பால், ரொட்டி, காய்கறி வாங்குவதெல்லாம் நான்தான். வாயைத் திறக்காமல் எத்தனை நாள் கையைக் காட்டி வாங்குவது? வீட்டுக்காரம்மா ஒரு விதவை, வாய் ஓயாதவர். மாடிப்படியில் கூடவே நடந்து, ஒவ்வொரு பொருளையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக் கொடுத்தார். அந்த ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது. முதல் வாரம் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. குளிர்காலத்தில் கஷ்கொட்டை என்று ஒன்றைத் தெருவில் வைத்துச் சுடுவார்கள். வாயில் போட்டதும் சுட்ட பலாக்கொட்டை மாதிரியே இருந்தது, நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். வீட்டுக்காரம்மா ஒரு சின்ன மண்சட்டியில் தணல் போட்டு என் மடியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பார். அப்படித்தான் அந்தப் பாஷை எனக்குள் இறங்கியது. அவர்கள் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். நம் நாக்குக்கு இங்கிலீஷைவிட எத்தனையோ சுலபம்.

ஆனால் ஒரு பிழை மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை. ‘எனக்குப் பசி’ என்பதற்கும் ‘அவளுக்குப் பசி’ என்பதற்கும் அவர்களிடம் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ‘ஓ’ என்று தொடங்கினால் எனக்கு, ‘ஆ’ என்று தொடங்கினால் அவளுக்கு. ஒருநாள் பசி தாங்காமல் மாற்றிச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மா என்னை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது தடவையாகச் சூப் ஊற்றிக் கொடுத்தார்.

துரைசாணி கற்றது சுவர்ப்படம். சுவரில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வர்ணம் தீட்ட வேண்டும். காய்ந்துவிட்டால் வர்ணம் பிடிக்காது. அதனால் அன்றைக்கு வரையப்போகிற இடத்தை மட்டும் அன்று காலையில் பூசுவார்கள். மாதா கோயில்களில் பழைய சுவர்ப்படங்களைப் பார்த்து வரைய அவர் போகும்போது பிள்ளையோடு நானும் போவேன். வெளியே நல்ல வெயில் அடிக்கும், உள்ளே மங்கலாக இருக்கும். ஆளளவு உருவங்கள் சுவர் முழுக்க நிற்கும். எனக்கு அந்த முகங்களை நிமிர்ந்து பார்க்கப் பயம். எந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும் ஒரு கண்ணாவது நம்மேலேயே இருக்கும். துரைசாணி மணிக்கணக்காக அவற்றின் முன்னே நிற்பார். நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் தேயிலை விலை விழுந்தது. துரை குடும்பம் இங்கிலாந்துக்கே போய்விட்டது. நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு கிடைத்த வேலையைச் செய்தேன். அந்தப் பாஷையை ஒருவரிடமும் பேச வாய்க்கவில்லை. ஐந்து வருடம் அப்படியே போய்விட்டது.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

அன்று காலைதான் என்னைப் பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். தண்ணீர்க் குவளையோடு வரிசையாகப் போனேன். கோடிக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரர் கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு. கழுத்தில் ஒரு கயிறு, அதில் ஒரு சாவி. கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடி இருந்தார். பக்கத்தில் போனதும் குவளையோடு நின்றுவிட்டேன். அவர் பேசியது அந்த மாடிப்படியில் நான் கேட்ட பேச்சு.

நான் குனிந்து, அந்தப் பாஷையிலேயே, “ஐயா, என்ன வேண்டும்?” என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். காய்ச்சல் கொதித்தது. துண்டு துண்டாகத்தான் பேச்சு வந்தது. சாவி என்றார். சுவர் என்றார். சுவரில் இருக்கிற பெண் என்றார். யாரிடமும் சொல்லாதே என்றார். பிறகு தாகம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். குவளையை உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி தாகம் என்றார். மறுபடி வைத்தேன். கையால் தட்டிவிட்டார். காய்ச்சல்காரர்கள் செய்வதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மருந்து பார்க்கிற அப்போதிக்கரி ஐயா, யாழ்ப்பாணத்தவர், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, உமக்கு அந்த ஆளின்ர பாஷை விளங்குதோ?”

“விளங்குதுங்க ஐயா. இத்தாலிப் பேச்சு. நான் அங்க இருந்திருக்கேன்.”

“நேற்று மத்தியானம் தொடக்கம் நாங்கள் இங்கிலீஷில கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனம். வீட்டில ஆரும் இருக்கினமோ எண்டு கேளும்.”

கேட்டேன். அவர் சாவியைக் கழற்றி என் கையில் திணித்தார். சுவரில் இருக்கிற பெண் என்று மட்டும் சொன்னார். அப்புறம் நினைவு தப்பிவிட்டது.

அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் மடவளையிலிருந்து மாட்டு வண்டி ஓட்டுகிறவர். முஸ்லிம் ஆள், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். முந்தின நாள் காலையில் மலைப்பாதை ஓரத்தில் கூடையோடு விழுந்து கிடந்தவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அப்போதிக்கரி ஐயா அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“தனி ஆள் தொர,” என்றார் நானா. “மேல அந்தப் பழைய கோப்பித் தோட்டத்து பங்களாவில ரெண்டு வருஷமா ஈக்கிறார். நான் மண்ணெண்ணெய் கொண்டு போனா கேட்டு வாசலுக்கு வந்து வாங்கிட்டுப் போவார். உள்ளுக்கு யாரையும் உடமாட்டார். அந்த ஊடு நல்லமில்ல. ஜன்னல்ல வெள்ளையா ஒரு பொம்புள நிக்கிதாம். பாட்டுச் சத்தம் கேக்குமாம். நேத்து அந்தியில புல்லறுக்கப் போன பொம்புளையள் கூட, அழுற சத்தம் கேட்டு அரிவாளப் போட்டுட்டு ஓடி வந்தீக்கிறாங்க.”

“பேயும் பிசாசும். இந்த ஆள் தப்பிறது கஷ்டம். சொந்தக்காரருக்கு அறிவிக்க வேணும்,” என்றார் ஐயா. பிறகு என்னைப் பார்த்தார். “பிள்ளை, நீர் நானாவோட ஒருக்காப் போய், கடிதம் விலாசம் ஏதும் இருக்கோ எண்டு பாத்துக்கொண்டு வாரும். அந்த எழுத்து உமக்குத்தானே தெரியும்.”

நான் அந்த எழுத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் சரி என்றேன்.

மலை ஏறி முடிக்கையில் மதியம் ஒரு மணி இருக்கும். ஆனால் வெளிச்சமே இல்லை. மேலிருந்து மூடுபனி இறங்கி, தூறலோடு கலந்து, மாட்டின் கொம்பைக்கூட மறைத்தது. கேட்டுக்கு முன்னால் நானா வண்டியை நிறுத்திவிட்டார்.

“நான் இங்கினயே நிக்கிறன் புள்ள. கூப்பிட்டா குரல் குடுப்பன். உள்ளுக்கு வரேலா.”

நான் தனியாகப் போனேன். முற்றத்தில் சுண்ணாம்பு நீற்றும் குழி, மழைத் தண்ணீர் நிரம்பி வெள்ளையாகக் கிடந்தது. முன் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது, கையிலிருந்த சாவிக்கு வேலை இல்லை. தள்ளினேன். முதலில் வாசனைதான் வந்தது. ஈரச் சுண்ணாம்பு, பச்சை வர்ணம். ஒரு நொடி நான் புளோரன்ஸில் நின்றேன்.

கண் பழகியதும் பார்த்தேன். அந்தப் பெரிய அறையின் நான்கு சுவரிலும் பெண்கள் நின்றார்கள். ஆளளவுப் பெண்கள். ஒருத்தி குடத்தோடு, ஒருத்தி விளக்கோடு, ஒருத்தி கையில் பூனையோடு. சின்னப் பெண்ணிலிருந்து முப்பது வயதுக்காரி வரை. எல்லோருக்கும் ஒரே முகம். எல்லோரும் வாசலில் நின்ற என்னையே பார்த்தார்கள்.

கோயிலில் என்றால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். இங்கே கடிதம் தேட வேண்டும். மேசைக்குப் போனேன். தூரிகைகள், வர்ணப் பொடி, பாதி வெட்டிய ரொட்டி. இரண்டு கோப்பைகள், இரண்டு தட்டுகள். இரண்டு என்பது என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. அலுமாரியைத் திறந்தேன். உள்ளே துணிச் சுருள்கள் மட்டும்.

கடைசிச் சுவரின் நடுவில் ஒருத்தி தனியாக நின்றாள். மற்றவர்களைவிட வயது கூடியவள். நரைத்த தலை. உதட்டில் ஒரு விரலை வைத்து, பேசாதே என்பதுபோல. கிட்டப் போய்ப் பார்த்தேன். சுவரில் இருக்கிற பெண் என்று அவர் சொன்னது இவளைத்தான் என்று நினைத்தேன். மனிதர் தான் வரைந்த படத்தை நினைத்துப் பிதற்றியிருக்கிறார். எனக்கு மூச்சு வந்தது. லேசாகச் சிரித்துக்கூட விட்டேன்.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. மெதுவாக, மரத்தில் துணி சுற்றிய எதையோ கொண்டு தட்டுகிற மாதிரி. அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. மறுபடி மூன்று. பிறகு மூச்சு இழுப்பது போல, பாதி முனகல், பாதி பாட்டு.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. குடை உள்ளே விழுந்துவிட்டது. ஒரு செருப்பும் போய்விட்டது. கேட்டருகே நானா என் முகத்தைப் பார்த்தார். வாய்க்குள் ஓதிக்கொண்டே மாட்டைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து, அப்போதிக்கரி ஐயாவிடம், “வெறும் வீடுங்க ஐயா. யாருமில்ல. கடிதமும் இல்ல,” என்றேன். பேய் என்று சொன்னால் சிரிப்பார் என்ற வெட்கம். அதைவிட, சொன்னால் மறுபடி போகச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பொய்யைச் சொன்னபோது என் குரல் நடுங்கக்கூட இல்லை.

நாலு மணிக்கு மருந்து கொடுக்கிற நேரம். அந்தக் கட்டிலுக்குப் போக மனமில்லாமல்தான் போனேன். அவர் உதடு வெடித்திருந்தது. தண்ணீரைக் கிட்டக் கொண்டு போனேன். மறுபடி முகத்தைத் திருப்பினார். அழுதார். குவளையை விரலால் தொட்டுத் தள்ளி, தெளிவாக ஒரு தடவை சொன்னார்.

“நான் இல்லை. அவள்.”

பிறகு அந்தச் சொல். காலையிலிருந்து அவர் சொன்ன அதே சொல். இப்போதுதான் அதன் முதல் எழுத்து என் காதில் விழுந்தது. ‘ஓ சேத்தே’ இல்லை. ‘ஆ சேத்தே.’ எனக்குத் தாகம் இல்லை. அவளுக்குத் தாகம்.

படத்துக்குத் தாகம் எடுக்காது. ஆவிக்கும் எடுக்காது.

நான் ஓடிப்போய் அப்போதிக்கரி ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து மருந்துப் பெட்டியை எடுத்தார்.

“வாரும். பொழுது படமுன்னம் போவம். கதையைப் பிறகு பாப்பம்.”

நானாவும் வந்தார். “நீங்க வாறதெண்டா நானும் வாறன் ஐயா,” என்று இந்தத் தடவை வண்டியைக் கேட்டுக்குள்ளேயே ஓட்டினார். பனி விலகி, சாய்ந்த வெளிச்சம் அறைக்குள் விழுந்திருந்தது. அந்த நரைத்த பெண்ணின் முன்னால் போய் நின்றோம். ஐயா கையால் தடவிப் பார்த்தார். அது சுவர் அல்ல, கதவு. பலகைமேல் சுவரின் நிறத்தையே பூசி, சந்து தெரியாதபடி அவளை வரைந்திருந்தார் அந்த மனிதர். பாவாடை மடிப்பின் கருப்புக்குள் சாவித் துவாரம் இருந்தது.

சாவியைப் போட்டுத் திருகினேன். உள்ளே சத்தமே இல்லை.

சின்ன அறை. கம்பி அடித்த ஒரு ஜன்னல். கட்டில், கதிரை, கவிழ்ந்து கிடந்த மண் கூஜா. கதவோரமாகத் தரையில் ஒரு பெண் கிடந்தாள். கைகள் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. முகம் வீங்கித் தடித்திருந்தது. ஆனால் கண் சுவரில் இருந்த அத்தனை பெண்களின் கண்.

ஐயா வாசலிலேயே நின்றுவிட்டார். “பெருவியாதி,” என்றார் மெல்ல. அந்தக் காலத்தில் குஷ்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். “பிள்ளை, கவனம்.”

அவள் உதடு அசைந்தது. “யார்?” என்றாள் அவள் பாஷையில்.

“தண்ணீர் கொண்டு வந்திருக்கிறேன்,” என்றேன்.

அவள் கைகளால் எதையும் பிடிக்க முடியாது. நான் தரையில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பயமில்லாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் செய்தேன்.

மூன்று குவளை குடித்தபின் அவளுக்குக் குரல் வந்தது. அவர் அவளுடைய அண்ணன். ஊரில் அவளைப் பிடித்து அடைக்கப் பார்த்தார்கள் என்று, யாருக்கும் தெரியாத இடம் தேடி இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அங்கே அவள் ஒருநாள் வெளியே இறங்கி நடந்து, பார்த்தவர்கள் கல்லெறிந்திருக்கிறார்கள்; அந்தப் பயத்தில் இங்கேயும் வெளியே போகும்போதெல்லாம் கதவைப் பூட்டிவிட்டுப் போவார். முந்தின நாள் காய்ச்சலோடு கொயினா வாங்கப் போனவர் வரவில்லை. இருந்த தண்ணீர் கூஜா கையில் நிற்காமல் கவிழ்ந்துவிட்டது.

“நேற்று ஜன்னலில் நின்று கூப்பிட்டேன். பெண்கள் ஓடிவிட்டார்கள்,” என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். “மத்தியானம் வந்தது நீதானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்?

“நான்தான்,” என்றேன்.

“சிரிப்புச் சத்தம் கேட்டது. ரெண்டு வருஷமாக அண்ணன் குரல் தவிர வேறு குரல் கேட்டதில்லை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அதனால் கேட்கிறது என்று நினைத்தேன்.” அதில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐயா அவளுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லி நானாவை அங்கே நிறுத்திவிட்டு, தானே வண்டியை ஓட்டி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். நேரே கோடிக் கட்டிலுக்குப் போய் அவர் காதருகே, “குடித்துவிட்டாள்,” என்றேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது கண்ணைத் திறந்தார். பிறகு, தனக்குத் தாகமாக இருக்கிறது என்றார். குவளை முழுவதையும் நிறுத்தாமல் குடித்தார்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அப்போதிக்கரி ஐயா சட்டப்படி அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் தங்கையைக் கொழும்புப் பக்கம் பெருவியாதிக்காரர் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனும் அதன் மதிலுக்கு வெளியே ஓர் அறை எடுத்துக்கொண்டார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து அவள் சிங்களத்தில் எண்ணக் கற்றுக்கொண்டிருந்தாள். பூட்டாத கதவு நல்லாயிருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். மூன்றாம் வருடம் அவள் இறந்துபோனதாக அண்ணன் ஒரு கடிதம் போட்டார். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

ஒரு பாஷையைக் கற்று வந்து ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டாய் என்று இந்தக் கதையைக் கேட்பவர்கள் என்னைப் புகழ்கிறார்கள். எனக்கு அது ஒட்டுவதில்லை. அந்தத் தட்டலைக் கேட்டபோது ‘யார்?’ என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், அந்தச் சொல் அவள் பாஷையிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. கேட்காமல் ஓடி, ஓர் உயிரை இன்னும் நாலு மணி நேரம் தாகத்தில் கிடக்கவிட்டேன் என்பதைத்தான் இன்றைக்கும் நான் பயத்தைக் கண்டு திரும்பிப் போக நினைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.